எலியின் ஈரலில் ஒட்டிய மஞ்சட் சாயமும் எங்கள் கச்சான் சாக்கும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல குடியிருக்கும் ஒரு கிராமத்தில், ஒரு மாசி மாதம், விளைபொருட் சேமிப்புப் பற்றி வகுப்பொன்று நடத்தினோம். கச்சான் பிடுங்கி முடிந்த நேரம். காணி குத்தகைக்கு எடுத்தது. வீடு தகரமும் தறப்பாளும். களஞ்சியம் என்று தனியாக ஒன்றில்லை. படுக்கிற இடத்தின் மூலையிலேயே சாக்குகளை மண் தரையில் வைத்துச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். பிடுங்கிய கிழமையில் பருவம் தப்பிய மழையும் பெய்திருந்தது. சாக்கொன்றினுள் கையை விட்டுப் பார்த்தோம். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

பூஞ்சணம் பிடித்த கச்சான் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று நாங்கள் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். அவருடைய கணவர் ஈரல் புற்றுநோயால் இறந்து இரண்டு வருடம் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

"என்ன தம்பியவை சொல்லுறியள்? இதை நாங்கள் காலங்காலமாய்த் தின்னுறம். தின்ட எல்லாருக்கும் வருத்தம் வரேல்லைத்தானே. அவருக்கு வந்தது அவற்றை தலையெழுத்து."

பல பெண்கள் தலையசைத்தார்கள். அந்த அம்மாவின் கேள்வி நியாயமான கேள்வி. ஒரு பொருள் நஞ்சு என்றால் அதைத் தின்ற எல்லோரையும் அது ஏன் தாக்குவதில்லை? தின்ற அன்றே ஏன் தாக்காமல் இருபது, முப்பது வருடம் காத்திருக்கிறது? அன்று எங்களிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை. "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தோம். வீடு திரும்பும் வழியில் அது எங்களுக்கே உறுத்தியது. எனவே அந்த விஞ்ஞானிகள் யார், எதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம். பதில் சற்று நீளமானது. தொடங்குவதும் எங்கோ தூரத்தில்.

பால்மாட்டு நாட்டில் ஓர் ஆய்வுகூடம்

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கொன்சின் என்றொரு மாநிலம் உண்டு. பால்மாடும் பட்டரும் பாற்கட்டியும் அங்குள்ளவர்களின் சீவனோபாயம். தங்கள் பட்டரைக் காப்பாற்றுவதற்காக, மாஜரினுக்கு மஞ்சள் நிறம் போட்டு விற்கக்கூடாது என்று 1967 வரை சட்டம் வைத்திருந்த மாநிலம் அது. அதன் தலைநகர் மடிசனில் உள்ள பல்கலைக்கழகம் விவசாய ஆராய்ச்சிக்குப் பேர் போனது.

அந்த மாநிலத்தில் பிறந்த மைக்கேல் மக்காடில் என்ற சட்டத்தரணி, தாம் இறக்கும்போது தம் சொத்தில் ஒரு பங்கைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென இப்பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அவ்வாறு 1940 இல் திறக்கப்பட்டதே மக்காடில் புற்றுநோய் ஆய்வுகூடம். இது நோயாளரைப் படுக்கவைத்துச் சிகிச்சை செய்யும் இடமன்று. நோய் எப்படி உண்டாகிறது என்று எலியிலும் கண்ணாடிக் குழாயிலும் தேடும் இடம். ஹரோல்ட் ரஷ் என்பவர் முதல் இயக்குநர். தென் டக்கோட்டாவில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்து வளர்ந்த வான் பொட்டர் போன்றவர்களும் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தார்கள்.

அங்கே வேலை செய்தவர்களுள் ஒரு கணவனும் மனைவியும் இருந்தனர்: ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர். 1942 இல் திருமணம் செய்து, பின்னர் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆய்வுகூடத்தில் சேர்ந்து உழைத்தவர்கள். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இவர்களிடந்தான் கிடைத்தது.

மஞ்சட் சாயம்

பட்டர், மாஜரின் முதலியவற்றுக்கு நிறமூட்டச் சில நாடுகளில் ஒரு செயற்கைச் சாயம் பயன்பட்டு வந்தது. "பட்டர் மஞ்சள்" என்பது அதன் பெயர். 1930 களில் யப்பானிய ஆய்வாளர்கள் அதை எலிகளுக்கு உணவோடு கலந்து கொடுத்தார்கள். சில மாதங்களில் எலிகளின் ஈரலில் புற்று வளர்ந்தது. தோலில் பூசாமல், ஊசி போடாமல், வெறுமனே தின்னக் கொடுத்த ஒன்றால் உள்ளே ஈரலில் புற்று வந்தது உலகத்தைத் திடுக்கிட வைத்தது.

இதில் ஒரு புதிர் இருந்தது. சாயத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தால் அது சாதுவான பொருள். உடம்பின் புரதத்தோடு தானாகச் சேர்ந்து வேதியியல் மாற்றம் எதையும் செய்வதில்லை. அப்படிப்பட்ட சாதுவான பொருள் எப்படிப் புற்றை உண்டாக்குகிறது?

மில்லர் தம்பதியர் சாயம் தின்ற எலிகளின் ஈரலை எடுத்து அரைத்தார்கள். சாயத்தைக் கரைக்கும் திரவங்களால் அதைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கழுவக் கழுவச் சாயம் போயிற்று. ஆனால் எல்லாம் போகவில்லை. ஒரு சிறு பங்கு, எத்தனை முறை கழுவினாலும் ஈரலின் புரதத்தை விட்டுப் போக மறுத்தது. புதுச் சேலையின் சாயம் வெள்ளைத் துணியில் பிடித்தால் சவர்க்காரத்துக்கும் போகாமல் நிற்குமே, அதுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1947 இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். புற்று உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள் உடம்பின் சொந்தப் புரதத்தோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்து நிற்பதை முதன்முதலாகக் காட்டியது இந்த ஆய்வே.

வெளியில் சாதுவாக இருந்த பொருள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது என்றால், உள்ளே அதற்கு ஏதோ நடந்திருக்கவேண்டும். அந்த "ஏதோ" என்ன என்பதைப் பிடிக்க அவர்களுக்கு மேலும் பதின்மூன்று வருடம் சென்றது.

இங்கே விவசாயிகளாகிய நாம் கவனிக்கவேண்டிய வேறொரு கதை குறுக்கிடுகிறது. 1940 அளவில் பூச்சிநாசினியாக விற்பதற்கென ஒரு மருந்து ஆயத்தமாயிற்று. சந்தைக்கு விட முன்னர் அதை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பல உறுப்புகளில் புற்று வந்தது. 1941 இல் அது தெரியவந்து மருந்து சந்தைக்கு வரவேயில்லை. சோதிக்காமல் விட்டிருந்தால் எத்தனை தோட்டங்களில் தெளித்திருப்பார்களோ. வயலுக்கு வராத அந்த மருந்து ஆய்வுகூடத்துக்குப் பயன்பட்டது. மில்லர் குழுவினர் அதை எலிக்குக் கொடுத்து, எலியின் சிறுநீரைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1960 இல், உள்ளே போன பொருள் ஒட்சிசன் சேர்ந்து வேறொரு பொருளாக மாறி வெளிவருவதைக் கண்டார்கள். மாறிய அந்தப் பொருள் மூலப்பொருளைவிடக் கொடியதாக இருந்தது. கினிப்பன்றிக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது புற்று வரவில்லை. காரணம், கினிப்பன்றியின் ஈரல் அந்த மாற்றத்தைச் செய்வதில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கு முதற் பாதிப் பதில் இதுதான். நாம் தின்பது அப்படியே நஞ்சாக இருக்கவேண்டியதில்லை. எம்முடைய ஈரலே அதை நஞ்சாக்கி விடுகிறது.

ஈரல் ஏன் இப்படிச் செய்கிறது? அது கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. உடம்புக்குள் வரும் வேண்டாத பொருள்களைச் சிறுநீரோடு வெளியேற்றுவது ஈரலின் கடமைகளுள் ஒன்று. எண்ணெயில் கரையும் பொருள் சிறுநீரில் போகாது. ஆகவே ஈரலிலுள்ள நொதியங்கள் அதனோடு ஒட்சிசனைச் சேர்த்து நீரில் கரையச்செய்யப் பார்க்கின்றன. பெரும்பாலும் வேலை ஒழுங்காக முடிந்துவிடும். சில பொருள்களில் மட்டும், பாதி வழியில் உண்டாகும் இடைப்பொருள் மிகவும் மூர்க்கமானது. பாம்பைப் பிடித்து வேலிக்கு வெளியே எறியப் போனவனின் கையிலேயே பாம்பு கொத்தியது போல, அந்த இடைப்பொருள் அருகிலுள்ள புரதத்தையும், கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. யையும் பற்றிக்கொள்கிறது.

டி.என்.ஏ. என்பது கலத்தின் விதைநெல். எந்தக் கலம் எப்படி வளரவேண்டும், எப்போது பெருகாமல் நிற்கவேண்டும் என்ற விபரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. விதையில் ஏற்பட்ட பழுது அடுத்த போகத்திலும் அதற்கடுத்த போகத்திலும் வருவதைப் போல, அதில் ஏற்பட்ட பழுதும் கலம் பிரியப் பிரியக் கூடவே போகும். உடம்பு பெரும்பாலான பழுதுகளைத் திருத்திவிடும். திருத்தப்படாமல் தப்பிய பழுதுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு கலம் கட்டு மீறிப் பெருகத் தொடங்க வருடக்கணக்காகும். இருபது, முப்பது வருடம் என்பது அதனால்தான். ஈரலின் நொதியங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். திருத்தும் வல்லமையும், உண்ணும் உணவும், ஏற்கெனவே உள்ள நோய்களும் வேறுபடும். தின்ற எல்லோருக்கும் வராததற்குக் காரணமும் அதுவே. சாயம் தின்ற எலிகளுக்குப் போசாக்கான உணவும் ரைபோபிளேவின் விற்றமினும் கூடுதலாகக் கொடுத்தபோது அவற்றுக்குப் புற்று வருவது குறைந்ததை, மக்காடில் தொடங்கிய அந்தக் காலத்திலேயே ஆய்வாளர் அறிந்திருந்தனர்.

கச்சானுக்கு வருவோம்

1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்தன. காரணம் தெரியாமல் "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பெயர் வைத்தார்கள். தொற்றுநோய் என்று தேடியும் கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு, பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அஃப்லடொக்சின் என்று பெயரிட்டார்கள். 2021 இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்திகளில் அடிபட்ட பெயர் இதுதான், பலருக்கு ஞாபகமிருக்கும்.

1963 இல் அமெரிக்காவின் மசச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜெரால்ட் வோகன், ஜோர்ஜ் புஹி ஆகியோரின் குழுவினர் அந்த நஞ்சின் கட்டமைப்பைக் கண்டார்கள். அடுத்த கேள்வி, அது புற்றை உண்டாக்கும் வழி எது என்பது. மில்லர் தம்பதியர் மஞ்சட் சாயத்தில் கற்ற பாடத்தை இங்கே பொருத்திப் பார்த்தார்கள். 1970 களின் முற்பகுதியில் அவர்களது குழு காட்டியது இது: அஃப்லடொக்சினும் ஈரலில் ஒட்சிசன் சேர்ந்தே மூர்க்கமடைகிறது, மூர்க்கமடைந்தபின் டி.என்.ஏ. யைப் பற்றுகிறது. எலியின் ஈரல் மட்டுமல்ல, மனித ஈரலிலிருந்து எடுத்த நொதியங்களும் குழாயினுள் அதே மாற்றத்தைச் செய்தன. 1991 இல் சீனாவின் சிடொங் பகுதியிலும் ஆபிரிக்காவின் தென்பகுதியிலும் ஈரல் புற்றுநோயாளரின் கட்டிகளை ஆராய்ந்த வேறு குழுக்கள், கலத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பரம்பரை அலகொன்றில் பலருக்கும் ஒரே இடத்தில் ஒரே விதமான பழுது இருப்பதைக் கண்டன. அப்பகுதிகளில் மக்களின் உணவில் அஃப்லடொக்சின் மிகுதி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வகுப்பில் எழுந்த அம்மாவின் கணவருக்கு நோய் கச்சானால் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு தனி மனிதரைப் பார்த்து அப்படி எவராலும் சொல்ல முடியாது. ஈரல் புற்றுக்கு மதுவும், ஹெப்படைடிஸ் பீ, சீ வைரசுகளும் பெரிய காரணங்கள். ஹெப்படைடிஸ் பீ உள்ளவர் அஃப்லடொக்சினையும் உண்டால் ஆபத்து இரண்டும் கூட்டியதாக இராது, பெருக்கியதாக இருக்கும். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளில் ஹெப்படைடிஸ் பீ க்கும் ஒன்று உண்டு. இடம்பெயர்வில் அட்டை தொலைந்து ஊசி தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

கென்யாவும் கினியும்

அஃப்லடொக்சின் அளவு மிகக் கூடினால் வருடக்கணக்கில் காத்திருக்காது. 2004 இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் சோளம் தின்ற 317 பேர் நோயுற்று, 125 பேர் இறந்தனர். ஏன் அங்கே, ஏன் அந்த வருடம்? பஞ்சமான காலம். களவு போகும் என்ற பயத்தில், சரியாகக் காயாத சோளத்தை வெளிக் களஞ்சியத்தில் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைத்தார்கள். வீட்டினுள் சூடும் ஈரமும். இதைப் படித்தபோது நாங்கள் அந்த மாசி மாதத்து வெதுவெதுப்பான சாக்கைத்தான் நினைத்தோம்.

மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டுச் செய்தி வேறு விதமானது. அங்கே கிண்டியா பகுதியில் கச்சான் உணவாக உண்ணும் இருபது கிராமங்களைத் தெரிந்தெடுத்தார்கள். பத்துக் கிராமங்களில் எல்லாம் வழமைபோல. மற்றைய பத்தில் சில சிறு காரியங்கள்: பழுதான கச்சானைக் கையால் பொறுக்கி நீக்குதல், வெறுந்தரையில் போடாமல் பாயில் காயவைத்தல், நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்கப் பழகுதல், நைலோன் பைக்குப் பதில் நார்ச் சாக்கு, சாக்கின் கீழ் மரப்பலகை, பூச்சி அணுகாமல் மருந்து. ஐந்து மாதம் கழித்து மக்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வழமைப்படி வைத்திருந்த கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவாகவே, இந்தப் பத்துக் கிராம மக்களின் இரத்தத்தில் நஞ்சு காணப்பட்டது. 2005 இல் இது வெளியாயிற்று. இயந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. பாயும் சாக்கும் பலகையும் கண்ணும் கையும்.

இரத்தத்தில் எதை அளந்தார்கள் தெரியுமா? இரத்தத்திலுள்ள புரதத்தோடு பிணைந்து நிற்கும் அஃப்லடொக்சினை. எலியின் ஈரலைக் கழுவிக் கழுவி, போகாமல் ஒட்டி நின்ற மஞ்சட் சாயத்தை 1947 இல் மில்லர் தம்பதியர் கண்டார்களே, அதே பிணைப்பு. கண்டுபிடித்தபோது அதனால் யாருக்கு என்ன பயன் என்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, ஏழை விவசாயியின் பாயும் பலகையும் உண்மையிலேயே உயிரைக் காக்குமா என்று அளந்து சொல்லும் தராசாக அது வந்து நின்றது.

சீனாவின் சிடொங்கிலும் 1980 களின் பின்னர் மக்கள் சோளத்தை விட்டுச் சோற்றுக்கு மாறியதும் இரத்தத்தில் அஃப்லடொக்சின் குறைந்தது. காலப்போக்கில் ஈரல் புற்றால் இறப்பதும் வெகுவாகக் குறைந்தது. நெல்லில் இந்த நஞ்சு பொதுவாகக் குறைவு.

அதே ஆய்வுகூடத்தின் வேறு இரு வேலைகள்

மக்காடிலில் நடந்தவை அனைத்தையும் இங்கே சொல்ல இடமில்லை. இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறோம். எலியின் ஈரலில் வளர்ந்த புற்று, யுராசில் என்ற ஒரு பொருளைச் சாதாரண ஈரலைவிடக் கூடுதலாக இழுத்து எடுப்பதை ஆய்வாளர் கவனித்தனர். அந்த யுராசிலில் ஒரு சிறு மாற்றம் செய்து, புளோரின் அணு ஒன்றைச் சொருகி, புற்றுக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார் அங்கிருந்த சார்ள்ஸ் ஹைடல்பேர்கர். உண்மைத் தீன் என்று நினைத்துப் புற்றுக்கலம் அதை விழுங்கும். விழுங்கியபின் பெருக முடியாமல் சாகும். 1957 இல் அந்த மருந்து வெளிவந்தது. புளோரோயுராசில் என்பது பெயர். குடல் புற்று முதலியவற்றுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். பொறியில் கருவாடு வைத்து எலி பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டாவது கதை ஒரு கோழியில் தொடங்குகிறது. 1909 இல் மார்பில் கட்டி வந்த ஒரு கோழியை, நியூயோர்க்கிலிருந்த பெய்டன் ரவுஸ் என்ற ஆய்வாளரிடம் ஒரு பண்ணைக்காரர் கொண்டுவந்தார். அந்தக் கட்டி ஒரு வைரசினால் வந்தது என்று ரவுஸ் 1911 இல் காட்டினார். உலகம் அதன் பெறுமதியை உணர்ந்து நோபல் பரிசு கொடுக்க 1966 ஆயிற்று. அதே கோழி வைரசை மடிசனில் ஆராய்ந்த ஹொவார்ட் டெமின், அந்த வைரசு ஆர்.என்.ஏ. யிலிருந்து டி.என்.ஏ. யை எழுதிக் கலத்தின் விதைநெல்லோடு கலந்துவிடுகிறது என்று 1964 இல் சொன்னார். பாடப்புத்தகத்துக்கு முரணானது என்று அநேகர் ஏற்கவில்லை. 1970 இல், தம்மோடு வேலை செய்த சட்டோஷி மிசுட்டானியுடன் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும் நொதியத்தையே கண்டு காட்டினார். வேறோர் இடத்தில் டேவிட் பால்டிமோரும் தனியாக அதைக் கண்டார். எயிட்ஸ் வைரசு பெருகுவதும் இதே வகை நொதியத்தால்தான். 1975 இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த விருந்தில் பேசிய டெமின், புற்றைத் தடுக்கக் கையிலுள்ள பெரிய வழி சிகரட்டை விடுவதே, அதை மக்கள் இன்னும் செய்யவில்லையே என்று கோபப்பட்டார்.

புகைக்கும் சுருட்டும் பீடியும் சிகரட்டும், வாயில் அதக்கும் புகையிலையும் இதே பாடத்தில் அடங்கும். புகையிலுள்ள முக்கிய நஞ்சுகள் பலவும் உடம்புக்குள் மாறியபின்பே டி.என்.ஏ. யைப் பற்றுகின்றன. எங்கள் நாட்டில் ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்று. பாக்குத் தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இல் அறிவித்தது. வேலைக் களைப்புக்கு வெற்றிலை போடுகிறோம் என்பவர்களை ஒரே நாளில் விடச் சொன்னால் நடவாது என்பதை அறிவோம். ஆயினும் வாயில் வெள்ளைத் தழும்போ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுவதைப் பிற்போடாதீர்கள்.

இன்னொன்று. சிகரட்டை அவ்வளவு வெறுத்த டெமின், புகைத்தறியாதவர், 1994 இல் சுவாசப்பைப் புற்றுநோயால் தமது 59 ஆவது வயதில் இறந்தார். எலிசபெத் மில்லர் 1987 இல் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தார். வாழ்நாள் முழுவதும் புற்றுநோயைப் படித்தவர்களையும் அது விடவில்லை. ஆகவே நோயாளியைப் பார்த்து "யார் செய்த வினையோ" என்று பேசுவதும், தட்டையும் கோப்பையையும் வேறாக்குவதும் எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். கட்டியை மறைத்து வைத்திருந்து கடைசியில் வைத்தியசாலைக்கு வரும் பெண்கள் அந்தப் பேச்சுக்குப் பயந்தே மறைக்கிறார்கள்.

சாக்கை அவிழ்ப்போம்

இனிக் கையால் செய்யும் வேலை. கச்சானை முற்றியதும் பிடுங்குங்கள். காலம் பிந்தினால் மண்ணுக்குள்ளேயே கோது வெடித்துப் பூஞ்சணம் நுழைந்துவிடும். பிடுங்கிய செடியைக் கச்சான் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டு வாடவிட்டு, பின்னர் பாயிலோ தறப்பாளிலோ மெல்லிதாகப் பரப்பிக் காயவையுங்கள். பின்னேரம் பனிக்கு முன் மூடவேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடவேண்டும்; ஆடாவிட்டால் இன்னும் காயவில்லை. கோது உடைக்கச் சுகமென்று தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காயவைத்த வேலை முழுவதும் அந்த ஒரு செம்புத் தண்ணீரில் வீணாகும். கோதோடு வைத்திருந்து, தேவைக்கு மாத்திரம் உடைப்பதே மேல்.

உரம் வந்த பையில் கட்டாதீர்கள். அதனால் காற்று உட்போகாது, உரத்தின் எச்சமும் இருக்கும். சணல் சாக்கு நல்லது. சாக்கின் கீழே நான்கு சீமெந்துக் கல்லும் இரண்டு பலகையும்; சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒற்றை அறைக் கொட்டிலில் அதற்கும் இடமில்லை என்றால், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு தட்டுக் கட்டலாம். அந்தக் கிராமத்தில் பின்னர் அப்படித்தான் செய்தார்கள். கொப்பறா, செத்தல் மிளகாய், சோளம் ஆகியவற்றிலும் இதே பூஞ்சணம் வரும். காய்வதும் ஈரம் படாமல் இருப்பதுமே அவற்றுக்கும் பாதுகாப்பு.

சமைத்தால் போய்விடும் என்று நம்பவேண்டாம். அவித்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் அழிவதில்லை. செக்கில் ஆட்டினால் பெரும் பகுதி பிண்ணாக்கில் தங்கும், சிறு பகுதி எண்ணெயோடு வரும். பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் ஓரிரு நாளில் பாலில் வரும். தாய் உண்டால் தாய்ப்பாலிலும் வரும்.

ஆகவே பொறுக்குவதே வழி. அன்று வகுப்பின் முடிவில் ஒரு சாக்கைத் தறப்பாளில் கொட்டி எல்லோரும் சுற்றியிருந்து பொறுக்கினோம். சுருங்கியது, கறுத்தது, பச்சை மஞ்சளாய்த் தூள் படிந்தது, கோது வெடித்தது, பூச்சி துளைத்தது எல்லாம் ஒரு பக்கம். ஒரு கச்சான் கெட்டால் சாக்கு முழுவதும் கெட்டதென்று அர்த்தமில்லை. நஞ்சின் பெரும் பங்கு சில கச்சான்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும். கையால் பொறுக்குவது பயன்படுவதும் இதனால்தான். கேள்வி கேட்ட அம்மாவும் வந்து குந்தினார். எங்களைவிட விரைவாகப் பொறுக்கினார்.

பொறுக்கி எடுத்தது ஒரு சுளகு நிறைய வந்தது. இங்கேதான் உண்மையான சிக்கல். கடன்பட்டு விதைத்து, மழையில் நனைந்து பிடுங்கிய கச்சானை எறிய யாருக்கு மனம் வரும்? "கோழிக்குப் போடலாம்" என்றார் ஒருவர். கோழியும் தாராவும் தின்றால் அவை நோயுறும். இங்கிலாந்தின் வான்கோழிகள் செத்தது அப்படித்தான். "குறைஞ்ச விலைக்கு எண்ணெய்க்கு எடுக்க ஆள் வரும்" என்றார் இன்னொருவர். ஆள் வரும் என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணெய் யாருடைய சட்டிக்குப் போகும் என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி கேட்டார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

உங்கள் குழு கூடும்போதும் இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுங்கள். ஒரு சுளகின் விலை எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். காயவைக்க நாலு முழத் தறப்பாளும், கீழே போட இரண்டு பலகையும் அதைவிடக் கூடுதலாகுமா, குறைவாகுமா என்று பாருங்கள். சங்கத்தின் கையிருப்பில் தறப்பாள் வாங்கி முறை வைத்துப் பாவிக்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

அன்று அந்தச் சுளகைக் கிணற்றடிக்குத் தூரமாக, முழங்கால் ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். கோழி கிளறாமல் இருக்க மேலே கல் வைத்தவர் அந்த அம்மா.